ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு எடுப்பதற்கு முன்: பாளையங்கோட்டை அனுபவம்

இதை யாரும் சாவகாசமாக உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. வீட்டில் ஒருத்தர் தவறியிருப்பார், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டியிருக்கும், நடுராத்திரியில் யாராவது ஒருத்தர் போனில் ‘ஃப்ரீசர் பாக்ஸ் வாடகை’ என்று தேடிக்கொண்டிருப்பார். அவருக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை இவ்வளவு என்று மட்டும் சொல்லி முகவரி கேட்கிற கடை வேண்டாம். எப்போது இறந்தார், என்ன சீக்கு, ஆள் எப்படி இருப்பார், எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள், வீட்டில் பவர் பிளக் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிற கடையைப் பிடியுங்கள். ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

நேரம் இருக்கிறவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதி சர்வீஸ் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மீதி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில். வார்டில் ஒருவர் இறந்தால் கண்ணை மூடி, தாடை தொங்காமல் நாடி கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, பஞ்சு வைத்து, துணி சுற்றி அனுப்புவது எங்கள் வேலைதான். ஆனால் ஆம்புலன்ஸ் கதவு சாத்தியதும் எங்கள் பொறுப்பு முடிந்துவிடும். அதற்கப்புறம் வீட்டு நடுக்கூடத்தில் அந்த உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை என் மாமியார் இறந்தபோதுதான் ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே இருந்து பார்த்தேன்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த சமயம். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. கிட்னி ஒத்துழைக்கவில்லை, கடைசியில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அடங்கிவிட்டார். கொழுந்தன் டொரண்டோவில். டிக்கெட் கிடைத்து, நடுவில் விமானம் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து வர எப்படிப் பார்த்தாலும் மூன்றாம் நாள் காலை ஆகிவிடும். “மதினி, நான் மொகத்தப் பாக்காம எடுத்துராதிய” என்று போனில் அழுதார். அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

வீட்டுக்காரர் பந்தல்காரரிடம் சொன்னார். பந்தல்காரர் தனக்குப் பழக்கமான கடைக்கு போன் போட்டார். 24 மணி நேரத்துக்கு 2,500 ரூபாய், முன்பணம் 2,000. ஒரு மணி நேரத்தில் பெட்டி வந்துவிடும் என்றார்கள். கேட்ட ஒரே கேள்வி “எந்தத் தெரு?”

வந்தது நள்ளிரவு தாண்டி. அந்த ஐந்தாறு மணி நேரம்தான் இந்த மதிப்புரையில் முக்கியமான விஷயம். ‘உடம்பு எத்தனை நாள் தாங்கும்?’ என்று துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அதற்கு நாள் கணக்கில் பதிலே கிடையாது. சூட்டுக் கணக்கில்தான் பதில்.

உயிரோடு இருக்கும்போது உடம்பு 37 டிகிரி. குளிர் தேசத்துப் பாடப்புத்தகங்களில், இறந்த பிறகு மணிக்குச் சுமார் முக்கால் டிகிரி வீதம் சூடு இறங்கும் என்று இருக்கும். அது அறையும் குளிர்ச்சியாக இருந்தால். எங்கள் நடுக்கூடத்தில் பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி ஒன்பது மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இருக்கிற வெப்பமானி 35 காட்டியது. 37-இலிருந்து 35-க்கு இறங்க என்ன இருக்கிறது? அழுகலை உண்டாக்குகிற கிருமிகளுக்கு ரொம்பவும் பிடித்த சூடு 21-இலிருந்து 38 டிகிரி வரை. நம்ம ஊர்க் கோடை அதற்குள் அச்சாகப் பொருந்தும்.

அந்தக் கிருமிகள் வெளியிலிருந்து வருவதில்லை. நம் குடலுக்குள்ளேயே ஆயுள் முழுக்கக் குடியிருந்தவைதான். மூச்சு நின்றதும் அவற்றைத் தடுத்து வைத்திருந்த காவல் எல்லாம் போய்விடும். பெருங்குடல் தொடங்குகிற இடம் வலது அடிவயிற்றில், குடல்வாலுக்குப் பக்கத்தில். அங்கே திரவமும் கிருமியும் அதிகம், தோலுக்கும் கிட்டத்தில் இருக்கிறது. அதனால் முதல் பச்சை நிறம் அங்கேதான் தெரியும். குடலில் உண்டாகிற கந்தக வாயு ரத்தத்தின் சிவப்புப் பொருளோடு சேர்வதால் வருகிற பச்சை அது. கோடையில் 12-இலிருந்து 18 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், குளிர்காலமானால் ஒன்றிரண்டு நாள் எடுக்கும். பிறகு வயிறு முழுக்கப் பரவும், வாயு சேர்ந்து உப்பும், ஒன்றரை இரண்டு நாளில் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் மரவேர் மாதிரி கரும்பச்சையாகத் தெரிய ஆரம்பிக்கும். தோல் கழன்று வருவது, முகம் அடையாளம் மாறுவது எல்லாம் அதற்கடுத்த கட்டம். கொழுந்தன் வருவதற்கு ஆகிற நேரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி இல்லாமல் அவர் பார்த்திருக்கப் போவது தன் அம்மா முகத்தை இல்லை.

இதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. காய்ச்சலோடு போனவர்கள், ரத்தத்தில் கிருமி கலந்து இறந்தவர்கள், உடம்பு பருத்தவர்கள் சீக்கிரம் கெடுவார்கள். வற்றி உலர்ந்த முதியவர்கள் கொஞ்சம் தாங்குவார்கள். பால் குடிக்காமலே இறந்துபோன பச்சைக் குழந்தையின் குடலில் கிருமியே இருக்காது என்பதால் ரொம்ப நேரம் மாறாமல் இருக்கும். என் மாமியார் ஒல்லி, ஆனால் காய்ச்சல். அதனால்தான் பெட்டிக்காரர் கேட்காததை நானே போனில் சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, பொட்டி வந்துட்டா சரியாப் போவும்” என்றார்.

பெட்டி வரும்வரை நான் செய்ததைச் சொல்கிறேன், இது யாருக்காவது உபயோகப்படும். மகன் அறையில் ஏசி இருக்கிறது. அதை 16-இல் வைத்து மாமியாரை அங்கே கொண்டுபோய்க் கிடத்தச் சொன்னேன். நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. “நடுவீட்டுல தெக்க தலைவச்சுக் கிடத்தாம ரூமுக்குள்ள கொண்டு வச்சா நாலு பேரு என்ன சொல்லுவா?” என்று சண்டைக்கு வந்தார். நாலு பேர் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். பட்டுச்சேலை, அதன் மேல் கம்பளி என்று யாரோ போர்த்தியிருந்ததை எடுத்துவிட்டு மெல்லிய பருத்திச் சேலையை மட்டும் விட்டேன். கம்பளி குளிரை உள்ளே விடாது, சூட்டையும் வெளியே விடாது. ஜன்னல், கதவு சாத்தியாயிற்று. ஈ உட்காரக் கூடாது. செத்த உடம்பைத் தேடி நீலநிற ஈக்கள் சில நிமிஷத்தில் வந்துவிடும், கண்ணோரம், மூக்கு, வாயோரம் முட்டையிடும், நம்ம ஊர்ச் சூட்டில் ஒரு நாளைக்குள் அது புழுவாகிவிடும். பகலில் இறந்தால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

கண் தானம் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்று கருவிழியை உலர்த்திவிடும். இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மாமியாருக்குக் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்ததால் கண் எடுக்க முடியவில்லை.

இனி முதல் பெட்டி.

இரண்டு பையன்கள் குட்டி யானையில் கொண்டு வந்து இறக்கினார்கள். வெறும் பெட்டி, குளிரே ஏறவில்லை, வண்டியில் கிடந்த சூட்டோடு வந்து சேர்ந்தது. கண்ணாடி மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை. மூடி வந்து அமர்கிற ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கிப் பார்த்தேன். வேறு யாருக்கோ போட்ட மாலையின் சம்பங்கி இதழ்கள் கறுத்து, ரப்பரோடு ஒட்டிக் கிடந்தன. மூலையில் மஞ்சள் பாய்ந்த பிசுக்கு. காசநோயோ மஞ்சள்காமாலையோ, யார் என்ன சீக்கில் இதற்குள் இருந்தார்களோ தெரியாது. குளிப்பாட்டப் போவது, முகத்தோடு முகம் வைத்து அழப்போவது வீட்டுப் பெண்கள்தான். “தம்பி, இதைக் கழுவுறது உண்டா?” என்று கேட்டேன். “துடைச்சுத்தான் கொண்டாந்தோம்” என்றான். கையுறை மாட்டி, வீட்டில் இருந்த ப்ளீச்சிங் தண்ணீரை நானே தோதாகக் கலந்து துடைத்தேன். ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் என்று விதியே இருக்கிறது.

அடுத்தது விறைப்பு. தசைக்குள் இருக்கிற சக்தி தீர்ந்ததும் நார்கள் பிடித்த பிடியிலேயே நின்றுவிடும், விட முடியாது. கண்ணிமை, தாடை, கழுத்து என்று மேலிருந்து கீழே வரும். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி அரை நாளில் உடம்பு முழுக்க இறுகிவிடும். பிறகு தானாகவே, வந்த வரிசையிலேயே தளரும். நம் பெரியவர்கள் மூச்சு நின்ற சூட்டோடு நாடிக்கட்டும் கால்கட்டும் போடுவது இதனால்தான். அந்த நேரத்தை விட்டால் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடும். மாமியாருக்கு நான் எல்லாம் செய்திருந்தேன், ஆனால் வலது கை நெஞ்சின் மேல் மடங்கியிருந்தது. பெட்டி ஒடுக்கம். முழங்கை கண்ணாடியில் இடிக்கும் என்று ஒரு பையன் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கப் போனான். அதட்டி நிறுத்தினேன். ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் வரும். நன்றாக இறுகிய பிறகு பலம் போட்டால் தசைநார் கிழியும், வயதானவர்களுக்கு எலும்பே முறியும். பெட்டிக்காரப் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் தலைமாட்டில் இருந்த சின்ன மீட்டர் பத்து நிமிஷத்தில் 3 டிகிரி காட்டியது. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு இல்லை. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஐ.எல்.ஆர். பெட்டியைக் காலையும் மாலையும் பார்த்து 2-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கிறதா என்று எழுதி எழுதிப் பழகிய கை இது. மீட்டர் எந்த இடத்துச் சூட்டைக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி. என் தங்கை மகன் ஏசி மெக்கானிக். ராத்திரியே வந்திருந்தான். அவனிடம் ஒயர் வைத்த தெர்மாமீட்டர் இருக்கிறது. ஒரு முனையைக் கால்மாட்டில் விட்டுப் பார்த்தான். 17. “பெரியம்மா, மீட்டரோட சென்சாரு காயில் மேலயே ஒட்டிக் கெடக்கு. அது காயில் குளிரத்தான் காட்டுது, பாட்டி குளிர இல்ல” என்றான். காயில் என்பது பெட்டியைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருள்.

அது மட்டும் இல்லை, உள்ளே இருப்பது வெறும் காற்று இல்லை, நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள சூடான உடம்பு. கொதிக்கிற சாம்பார் அண்டாவை அப்படியே ஃப்ரிட்ஜில் தூக்கி வைத்தால் அண்டா ஆறுவதற்குள் ஃப்ரிட்ஜே சூடாகிவிடும் இல்லையா, அதே சங்கதி. தோல் சீக்கிரம் ஜில்லென்று ஆகிவிடும். ஈரலும் குடலும் இருக்கிற ஆழத்துக்குக் குளிர் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். கெடுதல் தொடங்குவதோ அந்த ஆழத்தில். அதனால்தான் பெட்டி ஆறு மணி நேரம் தாமதமாக வருவதும் ஒரு மணி நேரத்தில் வருவதும் ஒன்றாகாது.

விடியற்காலை மின்சாரம் ஏறி இறங்கியது. கம்ப்ரசர் நின்றது, திரும்பக் கிளம்பவில்லை, உர் உர் என்று முனகியது. அவர்கள் போட்டுவிட்டுப் போன எக்ஸ்டென்ஷன் ஒயர் செல்போன் சார்ஜருக்குப் போடுகிற மெல்லிசு, தொட்டால் சுட்டது. கண்ணாடியில் வியர்த்த தண்ணீர் வழிந்து தரையில் தேங்கியிருந்தது. நாத்தனார் வெறுங்காலோடு பெட்டியின் ஸ்டீல் விளிம்பைப் பிடித்து அழுதவர் சட்டென்று கையை உதறினார். தங்கை மகன் டெஸ்டரை வைத்தான், எரிந்தது. எர்த் ஒயரே இல்லாத இரண்டு முள் பிளக். துட்டி வீட்டில் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஐம்பது பேர் ஒரு இரும்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்பது வாடகைக்கு விடுகிறவருக்குத் தெரியாதா? மெயினை அணைத்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை.

இரண்டாவது கடையைச் சொன்னவர் பழைய வார்டு அட்டெண்டர் ஒருத்தர். அந்தக் கடைக்காரர் போனில் என்னிடம் கேட்டவைதான் மேலே முதல் பத்தியில் எழுதியிருப்பது. கூடவே இன்னொன்றும் கேட்டார்: “சிஸ்டர், டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாச்சா? சந்தேகச் சாவு ஒண்ணும் இல்லைல்லா?” அந்தக் கேள்விக்கே அவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். வீட்டில் இறந்தவருக்குக் கடைசியாகப் பார்த்த மருத்துவர் படிவம் 4ஏ-இல் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். விழுந்து செத்தவர், மருந்து குடித்தவர், காரணம் தெரியாதவர் என்றால் பெட்டி அல்ல, போலீஸ்தான் முதலில். உடல் சூடு, விறைப்பு, அடிப்பக்கம் ரத்தம் தங்கிய கறை ஆகியவற்றை வைத்துத்தான் இறந்த நேரத்தைக் கணிப்பார்கள். பெட்டிக்குள் வைத்துவிட்டால் அந்தக் கணக்கு எல்லாம் குழம்பிவிடும்.

பெட்டியைக் கடையிலேயே ஓடவிட்டுக் குளிரேற்றிக் கொண்டு வந்திருந்தார். இது பெரிய விஷயம். தடித்த மூன்று முள் ஒயர், அதில் ஷாக் அடித்தால் விழுகிற ட்ரிப் சுவிட்ச், ஸ்டெபிலைசர், பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்த நான்கு மரக்கட்டை, தண்ணீர் பிடிக்க ஒரு தட்டு எல்லாம் அவரே கொண்டு வந்தார். கம்ப்ரசர் பக்கத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் குளிர் ஏறாது. வீட்டு இன்வெர்ட்டர் இதை இழுக்காது என்று சொல்லிப் பந்தல்காரரின் ஜெனரேட்டரை ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பீடிங்கை விலக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தங்கை மகன் கால்மாட்டில் பார்த்தான், மத்தியானத்துக்குள் 5 டிகிரிக்கு வந்துவிட்டது.

போகும்போது அவர் கறாராகச் சொன்னது: “மூடியத் தெறக்காதிய. ஒவ்வொருத்தரு வரும்போதும் தெறந்தா வாடகை உங்களுக்கு, வேல கெரண்டுக்கு, பலன் ஒண்ணும் இல்ல.” நாத்தனாருக்கும் சித்திமார்களுக்கும் இது பெரிய மனத்தாங்கல். எங்கள் பக்கத்தில் மார்பில் அடித்து மேலே விழுந்து அழுதால்தான் அழுகை. கண்ணாடிக்கு வெளியே நின்று அழுவது எப்படி? ஒரு சித்தி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாலைகளைக் கண்ணாடி மேல் குவித்ததில் முகமே மறைந்துவிட்டது. முகமாட்டில் மாலை வைக்காதீர்கள் என்று ஒரு ஆளை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

குறை இல்லாமல் இல்லை. கம்ப்ரசர் சத்தம் அதிகம், ஒப்பாரியையும் மீறிக் கேட்டது. மூடியைச் சுற்றி நீலக் கலரில் சீரியல் லைட் வைத்திருக்கிறார், அதில் மாமியார் முகம் ஏதோ ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி தெரிந்தது. அணைக்கச் சொன்னால் “எல்லாரும் விரும்பிக் கேக்காவ சிஸ்டர்” என்கிறார். பாட்டுப் பெட்டி வேறு. இரண்டையும் கழற்றச் சொன்னேன். வாடகை 24 மணி நேரத்துக்கு 3,500. வண்டிக்கூலி தனி.

நாளை எண்ணாதீர்கள், சூட்டை எண்ணுங்கள் என்று மேலே சொன்னதற்குக் கொஞ்சம் விளக்கம். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாஸ் என்ற மானிடவியல் பேராசிரியர் 1981-இல் ஒரு தோட்டம் ஆரம்பித்தார். தானமாக வந்த உடல்களை வெயிலில், நிழலில், மண்ணில், தண்ணீரில் வைத்து எப்படிச் சிதைகின்றன என்று பார்ப்பதற்கு. இந்தத் துறையில் இப்போது ஒவ்வொரு நாளின் சராசரிச் சூட்டையும் கூட்டிக்கொண்டே வருகிற கணக்கு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. 10 டிகிரியில் மூன்று நாள் கிடந்தாலும் 30 டிகிரியில் ஒரே நாள் கிடந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு சிதைவு. நம் கணக்குக்கு இதைக் கொண்டுவந்தால், நல்ல பெட்டியில் 5 டிகிரியில் இரண்டு நாள் என்பது 10. கோடையில் வெளியே ஒரு நாள் 33. முதல் பெட்டியின் 17 டிகிரியில் இரண்டு நாள் 34. அதாவது பெட்டி என்று ஒன்று இருந்தும் ஒரு நாள் வெளியே போட்ட பலன். நுணுக்கமான கணக்கு இல்லை, பெட்டியை எடைபோட இது போதும்.

ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் காஸ்பர் என்கிற மருத்துவர் ஒரு பழைய கணக்குச் சொல்லியிருக்கிறார்: திறந்த வெளியில் ஒரு வாரம், தண்ணீரில் இரண்டு வாரம், மண்ணில் எட்டு வாரம், மூன்றும் சமம். தாமிரபரணியில் போனவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதெல்லாம் இதை டாக்டர்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் போவதும் இல்லை. மூச்சுக்குழல், குடல், ஈரல் முதலில். இதயமும் சிறுநீரகமும் பிந்தி. எல்லாவற்றுக்கும் கடைசியில் பெண்ணுக்குக் கர்ப்பப்பை, ஆணுக்குப் புரோஸ்டேட் சுரப்பி. மற்றது எல்லாம் உருத்தெரியாமல் போன பிறகும் ஆணா பெண்ணா என்று சொல்லப் பிணப் பரிசோதனை மேசையில் அது உதவும்.

பெட்டிக்குள் இருக்கும்போது நன்றாகத்தானே இருந்தது, எடுத்த பிறகு என்ன ஆயிற்று என்று சிலர் பெட்டிக்காரர் மேல் பழி போடுவார்கள். அது அவர் தப்பு இல்லை. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. வெளியே எடுத்ததும் வேலை மறுபடி தொடங்கும், கண்ணாடித் தம்ளர் மேல் போல உடம்பெல்லாம் நீர் முத்து முத்தாகப் பூக்கும். விறைப்பும் குளிரில் நீண்ட நேரம் நிற்கும் என்பதால், குளிப்பாட்டும்போது கை கால் மடங்கவில்லையே என்று பதறக் கூடாது. மூன்றாம் நாள் கொழுந்தன் வந்து, பெட்டியைத் திறந்து, முகத்தைத் தடவி அழுது தீர்த்த பிறகுதான், குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற நீர்மாலைக்கே ஆள் கிளம்பினார்கள். அதை நான் முதலிலேயே முடித்து வைக்கச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. குளிப்பாட்டு, கோடி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், பிறகு ஊர்வலம் என்று உச்சி வெயிலில் இழுத்துக்கொண்டே போனது. எடுக்கிற நேரத்தைக் குறித்த பிறகு அதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். சடங்கில் கைவைக்கச் சொல்லவில்லை, வரிசையை மாற்றுங்கள் என்கிறேன்.

இரண்டு நாள், மிஞ்சிப் போனால் மூன்று நாள். வீட்டுப் பெட்டியை அதற்கு மேல் நம்பாதீர்கள். வருகிறவருக்கு விசாவே இன்னும் கிடைக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிப் பிணவறையின் குளிர் அறைதான் சரி. உடலை விமானத்தில் வெளிநாடு அனுப்ப வேண்டுமானால் எம்பாமிங் செய்து அதற்குச் சான்றிதழும் வாங்க வேண்டும். தொடையிலோ கழுத்திலோ இருக்கிற பெரிய தமனி வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தை ஏற்றுவார்கள், அது திசுக்களின் புரதத்தை இறுக்கிப் பூட்டிவிடும், கிருமிக்கு அதற்கப்புறம் அங்கே வேலை இல்லை. மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் மாணவர்கள் படிக்கிற உடல்கள் வருஷக்கணக்காக இருப்பது இதனால்தான். உடல் தானம் எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உறவினருக்காகக் காத்திருந்து தாமதிக்க வேண்டாம், கெட்டுப்போன பிறகு கல்லூரி வாங்காது.

கொழுந்தன் பார்த்தபோது முகம் முகமாகவே இருந்தது. உதட்டோரம் மட்டும் கொஞ்சம் உலர்ந்து கறுத்திருந்தது, அது குளிர்க்காற்றில் வறள்வதால் வருவது, அழுகல் இல்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினேன். வலது அடிவயிற்றில் லேசான பச்சை இருந்தது. குளிப்பாட்டும்போது எனக்கும் நாத்தனாருக்கும் மட்டும் தெரிந்தது, சேலையைச் சுற்றிவிட்டோம்.

இரண்டாவது கடைக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் நீல லைட்டுக்காகக் குறைத்தது. ரசீதில் பெட்டியைப் பிளக்கில் சொருகிய நேரத்தை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார், எடுத்துப் போக வந்தபோது மூன்று மணி நேரம் கூடுதலாக ஓடியிருந்தும் இரண்டு நாள் வாடகையோடு நிறுத்திக்கொண்டார். முதல் கடைக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. பெட்டியை மறுநாளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், முன்பணம் 2,000 இன்னும் திரும்பி வரவில்லை. பந்தல்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.